ஏன் பிடிக்கிறது என்று கேட்கும் முன்: காரணங்களை ஆராயப் பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு பொருளோ மனிதரோ கொள்கையோ நமக்குப் பிடித்திருக்கிறது அல்லது பிடிக்கவில்லை என்று உணர்ந்த பிறகு, அதற்கு என்ன காரணம் என்று உட்கார்ந்து யோசிப்பது நல்ல பழக்கம் என்றுதான் சிறு வயதிலிருந்து நமக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. நல்ல பழக்கம்தான், ஆனால் அது எந்த விளைவையும் ஏற்படுத்தாத வெறும் சோதனை அன்று. உரைகல்லில் தேய்க்கும்போது தங்கத்தின் துகள் கொஞ்சம் கல்லிலேயே தங்கிவிடுவதுபோல, காரணம் தேடும் செயலே நம் மனப்பான்மையைச் சற்று மாற்றிவிடுகிறது. சில சமயம் அந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும். சில சமயம் விருப்பத்தையே இடம் மாற்றிவிடும். எந்த விஷயத்தில் காரணங்களை ஆராயலாம், எந்த வரிசையில் ஆராய வேண்டும், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பவற்றை, இதில் முன்பழக்கம் இல்லாதவர்களுக்காகக் கீழே எழுதியிருக்கிறேன். ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் போதும்.

காரணங்கள் எங்கிருந்து வருகின்றன

படிகளுக்குப் போகும் முன் ஓர் உண்மையை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அது விளங்காவிட்டால் கீழே சொல்லப்போகும் முறைகள் வெறும் சடங்காகத் தோன்றும்.

அமெரிக்க உளவியலாளர்கள் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் திமோதி வில்சனும் 1977இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. கடைக்கு வந்தவர்கள் முன் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, இவற்றில் எது தரமானது என்று கேட்டார்கள். நான்கும் ஒரே மாதிரியானவை. ஆனாலும் வலது ஓரத்தில் இருந்த ஜோடியைச் சொன்னவர்கள், இடது ஓரத்து ஜோடியைச் சொன்னவர்களைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு இருந்தார்கள். ஏன் அதைத் தேர்ந்தீர்கள் என்று கேட்டபோது, வைக்கப்பட்டிருந்த இடத்தை ஒருவரும் காரணமாகச் சொல்லவில்லை. இடம் காரணமாக இருந்திருக்குமோ என்று நேரடியாகவே கேட்டபோதும் ஏறக்குறைய எல்லோரும் மறுத்துவிட்டார்கள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. ஏன் என்ற கேள்வி வந்தவுடன் மனம் தன் உள்ளே போய் உண்மையான காரணத்தை எடுத்து வருவதில்லை. இப்படிப்பட்ட தேர்வுக்கு எது பொருத்தமான காரணமாக இருக்கும் என்று ஊகித்து, அதைத் தன் காரணமாகச் சொல்லிவிடுகிறது. ஊகம் பல நேரங்களில் சரியாகவே இருக்கும் என்பதால்தான் தவறும் நேரங்கள் நமக்குத் தெரிவதில்லை.

இதோடு நின்றிருந்தால் பெரிய பாதகம் இல்லை. சொன்ன காரணம் திரும்பி வந்து விருப்பத்தைத் திருத்தத் தொடங்குவதுதான் சிக்கல். வில்சனும் ஜோனதன் ஸ்கூலரும் 1991இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்கு ஐந்து வகை ஸ்ட்ராபெரி ஜாம்களைச் சுவைக்கக் கொடுத்தார்கள். 'கன்சூமர் ரிப்போர்ட்ஸ்' இதழுக்காகப் பயிற்சி பெற்ற சுவைஞர்கள் முன்பே 45 ஜாம்களை வரிசைப்படுத்தியிருந்தார்கள். அவற்றில் 1, 11, 24, 32, 44 ஆகிய இடங்களில் இருந்தவைதாம் இந்த ஐந்தும். சுவைத்துவிட்டு மதிப்பெண் மட்டும் போட்டவர்களின் கணிப்பு, நிபுணர்களின் வரிசையோடு ஓரளவு நன்றாகவே பொருந்தியது. ஏன் பிடித்தது, ஏன் பிடிக்கவில்லை என்று காரணம் எழுதிவிட்டு மதிப்பெண் போட்டவர்களிடம் அந்தப் பொருத்தம் பெரும்பாலும் காணாமற்போயிற்று. நாக்குக்குத் தெரிந்திருந்த ஒன்றைப் பேனா குழப்பிவிட்டது என்று இதைச் சொல்லலாம். கெட்டியாக இருக்கிறது, விதை தட்டுப்படுகிறது என்று வார்த்தையில் எளிதாக அடங்கும் குணங்கள் முன்னால் வந்து நின்றன. வார்த்தையில் அடங்காத சுவையின் முழுமை பின்னால் போய்விட்டது. அப்புறம் எழுதிய குணங்களுக்கு ஏற்றபடி மதிப்பெண்ணும் நகர்ந்தது.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் யோசிக்காமல் இருப்பதே நல்லது என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அது அவசரமான முடிவு. காரணங்களை ஆராய்வது நம் தெளிவைக் கூட்டும் இடங்களும் அதைக் குறைக்கும் இடங்களும் வேறு வேறு என்பதே சரியான பாடம். ஆகவே முதல் படி, எந்த இடத்தில் நிற்கிறோம் என்று பார்ப்பது.

முதல் படி: விஷயம் எந்த வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

நோட்டைத் திறந்து, ஆராய நினைக்கும் விஷயத்தை ஒரே வரியில் எழுதுங்கள். 'வேலை' என்று எழுதினால் அதில் ஆராய ஒன்றுமில்லை. 'இப்போதைய வேலையை விட்டு, கோயம்புத்தூரில் கிடைத்திருக்கும் வேலைக்குப் போகலாமா' என்று எழுதினால் இருக்கிறது. எழுதியபின், அது சுவை சார்ந்ததா, தகவல் சார்ந்ததா, பொதுக் கருத்தா, வாழ்க்கை மதிப்பா, மனக்காயமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல விஷயங்கள் இரண்டு மூன்று வகைகளில் கால் வைத்திருக்கும். பரவாயில்லை, எது ஓங்கி நிற்கிறது என்று தெரிந்தால் போதும்.

சுவை சார்ந்தவற்றில், அதாவது சேலையின் நிறம், சுவரில் மாட்டும் படம், கேட்கும் இசை போன்றவற்றில், உங்களுக்கு அந்தத் துறையில் ஆழ்ந்த பழக்கம் இல்லையென்றால், காரணப் பட்டியல் போடாமல் இருப்பதே மேல். வில்சனும் வேறு சிலரும் 1993இல் வெளியிட்ட சோதனை இதற்கு நல்ல சான்று. மாணவியரிடம் சுவரொட்டிப் படங்களைக் காட்டி, ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னார்கள். மோனே, வான் கோ ஆகியோரின் ஓவியப் பிரதிகளும் இருந்தன. விலங்குப் படத்தோடு வேடிக்கையான வாசகம் எழுதியவையும் இருந்தன. முதலில் காரணம் எழுதவைக்கப்பட்டவர்களிடையே வேடிக்கைப் படத்தை எடுத்தவர்கள் கூடுதலாக இருந்தார்கள். சில வாரங்கள் கழித்துத் தொலைபேசியில் விசாரித்தபோது, காரணம் எழுதாமல் எடுத்தவர்களைவிடக் காரணம் எழுதி எடுத்தவர்கள் தங்கள் படத்தைப் பற்றிக் குறைவான திருப்தியையே தெரிவித்தார்கள். வேடிக்கை ஏன் பிடித்தது என்று யாரும் இரண்டு வரி சொல்லிவிடலாம். ஓர் ஓவியம் ஏன் பிடித்தது என்று சொல்ல ஓவியம் பற்றிப் பேசிப் பழகியிருக்க வேண்டும். சொல்ல எளிதாக இருந்த பக்கத்துக்கே தராசு சாய்ந்துவிட்டது.

துறையறிவு இருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு என்பதையும் இதே ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நெசவாளர் ஒருவர் ஒரு புடவை ஏன் நல்ல புடவை என்று விளக்கினால், விளக்கத்துக்கும் விருப்பத்துக்கும் இடையே அதிக இடைவெளி இராது. நம்மில் பெரும்பாலோர் பெரும்பாலான விஷயங்களில் நெசவாளர்கள் அல்லர்.

இரண்டாம் படி: காரணத்துக்கு முன் உணர்வைப் பதிவு செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்று யாராவது சொன்னால், நான் கைகாட்டுவது இந்தப் படியைத்தான்.

வாடகை வீடு ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் உள்ளவர்களிடம் பேசும் முன், வாடகையையும் அட்வான்ஸையும் கணக்குப் பார்க்கும் முன், அந்த வீட்டில் குடியிருக்க உங்களுக்கு எவ்வளவு விருப்பம் என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணை எழுதுங்கள். பக்கத்தில் தேதியையும் நேரத்தையும் குறியுங்கள். அதற்குக் கீழே, அங்கே நின்றபோது என்ன உணர்ந்தீர்கள் என்பதைக் காரணமாக இல்லாமல் வருணனையாக ஒன்றிரண்டு வாக்கியங்களில் எழுதுங்கள். 'சமையலறை பெரியது, அதனால் பிடித்தது' என்பது காரணம். 'கூடத்தில் நின்றபோது மூச்சு முட்டுவதுபோல் இருந்தது. மாடிக்குப் போனதும் சரியாகிவிட்டது' என்பது வருணனை. 'அதனால்', 'ஏனென்றால்', 'ஆகவே' என்ற சொற்கள் இந்த வாக்கியங்களில் வந்துவிட்டால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

பிறகு என்ன யோசித்தாலும் இந்த எண்ணைத் திருத்தக் கூடாது. நம் பழைய கருத்து என்னவாக இருந்தது என்பதை நினைவு நம்பகமாகச் சேமித்து வைப்பதில்லை என்பதுதான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம். சுவீடனில் பெட்டர் யோஹான்சன், லார்ஸ் ஹால் ஆகியோரின் குழு 2005இல் வெளியிட்ட சோதனையில், இரண்டு முகப் படங்களில் கவர்ச்சியானது எது என்று கேட்டு, தேர்ந்த படத்துக்குப் பதிலாக மற்றதைக் கைமாற்றிக் கொடுத்து, ஏன் இதைத் தேர்ந்தீர்கள் என்று கேட்டார்கள். பெரும்பாலான முறை மாற்றம் கவனிக்கப்படவே இல்லை. தாங்கள் தேர்ந்தெடுக்காத முகத்துக்கு மக்கள் காரணம் சொன்னார்கள். சிலர் கைமாறி வந்த படத்தில் மட்டுமே இருந்த காதணியைக்கூடக் காரணமாகக் காட்டினார்கள்.

அதே ஆய்வு மரபில் 2018இல் வெளியான இன்னொரு சோதனை நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. 140 பேரிடம் அரசியல் கேள்விகளுக்குப் பதில் வாங்கி, சில பதில்களை அவர்களுக்குத் தெரியாமல் எதிர்ப்பக்கத்துக்கு மாற்றிவிட்டுத் திருப்பிக் காட்டினார்கள். மாற்றங்களில் பாதியைத்தான் அவர்கள் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். மீதியைத் தங்கள் கருத்தாகவே ஏற்றுக்கொண்டவர்களிடம், ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதும் அந்தப் பக்கம் நோக்கிய நகர்வு இருந்தது. மாற்றப்பட்ட பதிலுக்கு ஆதரவாக வாதம் சொல்லும்படி கேட்கப்பட்டவர்களிடம் நகர்வு மிகவும் அதிகமாக இருந்தது. தனக்குச் சொந்தமில்லாத ஒரு கருத்தும், நாமே காரணம் சொல்லத் தொடங்கினால், கொஞ்ச நாளில் சொந்தமாகிவிடுகிறது. ஆகவே எண்ணை எழுதி வையுங்கள். உங்களுக்கு எதிரான சாட்சியாக அது ஒன்றாவது இருக்கட்டும்.

மூன்றாம் படி: காரணங்களை எழுதி, ஒவ்வொன்றின் ஊரையும் விசாரியுங்கள்

இப்போது காரணங்களை எழுதலாம். தோன்றுவதையெல்லாம் எழுதுங்கள்; வரிசையும் அழகும் வேண்டாம். எழுதி முடித்தபின் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரு குறி போடுங்கள். நீங்களே கண்டோ அனுபவித்தோ அறிந்ததற்கு 'நான்' என்றும், பிறர் சொல்லியோ படித்தோ வந்ததற்கு 'கேள்வி' என்றும், கேட்பவர் மறுக்க முடியாதபடி நன்றாக ஒலிக்கிறது என்பதற்காக எழுதியதற்கு 'மேடை' என்றும் நான் குறிப்பது வழக்கம். உங்களுக்கு வசதியான சொற்களை வைத்துக்கொள்ளலாம்.

வாடகை வீட்டு உதாரணத்தில் 'தண்ணீர் உப்பு' என்பது நீங்கள் குழாயைத் திறந்து குடித்துப் பார்த்தது என்றால் 'நான்'. 'அந்தத் தெருவில் மழைக்குத் தண்ணீர் தேங்கும்' என்பது தரகரோ பக்கத்துக் கடைக்காரரோ சொன்னது என்றால் 'கேள்வி'. அது உண்மையாக இருக்கலாம், விசாரித்து 'நான்' ஆக்கிக்கொள்ளலாம். 'எதிர்காலத்தில் மெட்ரோ வந்தால் வசதி' என்பது பதினோரு மாத ஒப்பந்தத்தில் குடியிருக்கப்போகிறவருக்குப் பெரும்பாலும் 'மேடை'. இந்தக் கடைசி வகைதான் மோசமானது. அது நாகரிகமாகவும் அறிவார்ந்ததாகவும் இருக்கும். அதனால் எடைக்கு மேல் எடை கொடுப்போம்.

குறி போட்டபின் ஒரு கேள்வி மீதம் இருக்கிறது. உங்கள் உணர்வு வருணனையில் இருந்த எது இந்தப் பட்டியலில் வரவே இல்லை? மூச்சு முட்டியது என்று முதலில் எழுதிவிட்டு, காரணப் பட்டியலில் காற்றோட்டம் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், பட்டியல் முழுமையற்றது. அந்த உணர்வுக்குக் காரணம் கண்டுபிடிக்கத் தேவையில்லை. 'விளங்கவில்லை, ஆனால் இருந்தது' என்று ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டால் போதும். காரணம் சொல்ல முடியாதது என்பதற்காக ஓர் உணர்வைப் பட்டியலிலிருந்து தள்ளுவதுதான், ஜாம் சோதனையில் நடந்த தவறு.

வேலை, படிப்பு, வீடு போன்ற தகவல் சார்ந்த முடிவுகளுக்குப் பட்டியலோடு எடையும் தேவைப்படும். இதற்குப் பழைய முறை ஒன்று இருக்கிறது. ஆங்கிலேய விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லி, ஷெல்பர்ன் பிரபுவிடம் வேலைக்குப் போவதா என்ற குழப்பத்தில் பெஞ்சமின் பிராங்க்ளினிடம் ஆலோசனை கேட்டார். 1772 செப்டம்பர் 19 அன்று பிராங்க்ளின் எழுதிய பதிலில், என்ன செய்வது என்று சொல்லாமல், எப்படி முடிவெடுப்பது என்று மட்டும் சொன்னார். ஒரு தாளை நடுவே கோடிட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் சாதகங்களையும் மறுபக்கம் பாதகங்களையும் எழுத வேண்டும். எடையில் சமமானவற்றை இரண்டு பக்கத்திலிருந்தும் அடித்துக்கொண்டே வர வேண்டும். ஒரு சாதகம் இரண்டு பாதகங்களுக்குச் சமம் என்றால் மூன்றையும் அடிக்க வேண்டும். எஞ்சி நிற்பது எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் முடிவு. பலரும் நினைவில் வைத்திருப்பது இந்தக் கோட்டைத்தான். பட்டியலை ஒரே உட்காரலில் எழுதாமல் மூன்று நான்கு நாள்களில், தோன்றத் தோன்றச் சேர்க்க வேண்டும் என்றும், அடித்து முடித்த பிறகும் ஓரிரு நாள் பொறுக்க வேண்டும் என்றும் அவர் சொன்னதைத்தான் மறந்துவிடுகிறார்கள். எல்லாக் காரணங்களும் ஒரே சமயத்தில் மனத்தில் நிற்பதில்லை, ஒரு நேரம் ஒரு கூட்டம் நிற்கும், இன்னொரு நேரம் இன்னொரு கூட்டம் நிற்கும் என்பதே அதற்கு அவர் கொடுத்த விளக்கம். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஆய்வுக்கூடத்தில் கண்டதும் பெரும்பாலும் இதுதான்: அந்த நேரம் மனத்தில் நின்ற கூட்டத்தைப் பார்த்துத்தான் மனப்பான்மை நகர்கிறது.

பட்டியல் போட்டும் மனம் வேறு கணக்குப் போடலாம் என்பதற்கு சார்லஸ் டார்வின் 1838இல் எழுதிய திருமணக் குறிப்பைக் காட்டலாம். மணம் செய்தால், செய்யாவிட்டால் என்று இரண்டு பத்திகளாகப் பிரித்து, மனைவி நாயைவிடவாவது மேலான துணை என்பது வரை எழுதினார். எதிர்ப்பக்கத்தில் நேரம் வீணாகும், விரும்பிய இடத்துக்குப் போக முடியாது என்றெல்லாம் வரிசையாக இருந்தன. கடைசியில் மணம், மணம், மணம் என்று மூன்று முறை எழுதி, நிறுவப்பட்டது என்று கணித முத்திரையும் வைத்தார். 1839 ஜனவரியில் எம்மா வெட்ஜ்வுட்டை மணந்தார். பட்டியலைக் கூட்டிப் பார்த்தால் அந்த விடை வந்திருக்குமா என்பது ஐயமே.

நான்காம் படி: எதிர்த் திசையில் ஒரு முறை

ஏற்கெனவே உறுதியான கருத்து உள்ள விஷயங்களில் மேலும் யோசிப்பது பொதுவாக அந்தக் கருத்தை இன்னும் தீவிரமாக்கும். 1979இல் சார்லஸ் லார்ட், லீ ராஸ், மார்க் லெப்பர் ஆகியோர் மரண தண்டனையை ஆதரிக்கும் மாணவர்களுக்கும் எதிர்க்கும் மாணவர்களுக்கும் ஒரே இரண்டு ஆய்வுகளைப் படிக்கக் கொடுத்தார்கள்; ஒன்று தண்டனை குற்றத்தைக் குறைக்கிறது என்றது, மற்றது இல்லை என்றது. இரு தரப்பினரும் தமக்குச் சாதகமான ஆய்வை நன்றாகச் செய்யப்பட்டது என்றும், மற்றதை ஓட்டைகள் நிறைந்தது என்றும் மதிப்பிட்டு, முன்னைவிட விலகி நின்றார்கள்.

இதற்கு மருந்தாக, நடுநிலையோடு படியுங்கள் என்று அறிவுரை சொல்லத் தோன்றும். 1984இல் அதையும் சோதித்தார்கள், பயன் இல்லை. எல்லோரும் தம்மை ஏற்கெனவே நடுநிலையாளர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பயன் தந்தது வேறொரு கேள்வி: 'இதே ஆய்வு, இதே முறையில் செய்யப்பட்டு, எதிரான முடிவைத் தந்திருந்தால், இதை இப்படியே மதிப்பிட்டிருப்பேனா?'

உங்கள் பட்டியலில் உள்ள முக்கியமான இரண்டு மூன்று காரணங்களுக்கு மட்டும் இந்தக் கேள்வியைப் போடுங்கள். 'அந்தக் கல்லூரியில் படித்த என் அண்ணன் நல்ல வேலையில் இருக்கிறான்' என்பது அங்கே சேர ஒரு காரணம் என்று எழுதியிருந்தால், அதே அண்ணன் வேலை கிடைக்காமல் இருந்திருந்தால் அதைக் கல்லூரியின் குறையாகக் கொண்டிருப்பேனா, அல்லது அவன் சரியாகப் படிக்கவில்லை என்று தள்ளியிருப்பேனா என்று கேளுங்கள். இரண்டாவதுதான் பதில் என்றால் அந்தக் காரணத்துக்கு எடை இல்லை. எல்லா வரிகளுக்கும் இதைச் செய்யப் போனால் சலிப்பு வந்து, நோட்டையே மூடிவிடுவீர்கள்.

ஐந்தாம் படி: பொதுக் கருத்துகளில் 'ஏன்' என்பதை 'எப்படி' என்று மாற்றுங்கள்

அரசின் கொள்கை, சட்டம், ஊர் நடைமுறை ஆகியவற்றைப் பற்றிய நம் கருத்துகளுக்குக் காரணம் கேட்டால், பெரும்பாலும் நமக்கு முன்பே தெரிந்த கோஷங்கள்தாம் மறுபடி வரும். அவற்றை மறுபடி சொல்வதால் கருத்து இறுகுமே தவிர, தெளிவடையாது. அதற்குப் பதிலாக, அந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று படிப்படியாக விளக்கிப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. அதை ஆதரிக்கிறீர்களோ எதிர்க்கிறீர்களோ, ஏன் என்று எழுதாமல், இப்படி எழுதிப் பாருங்கள்: ஒரு கேரி பேக் எங்கே தயாராகிறது, யார் கைமாறி மளிகைக் கடைக்கு வருகிறது, தடை அந்தச் சங்கிலியில் எந்த இடத்தில் பிடிக்கிறது, பிடித்தால் கடைக்காரர் பதிலுக்கு எதைக் கொடுப்பார், அதன் விலையை யார் சுமப்பார், மீன் வாங்க வருபவர் எதில் வாங்கிப் போவார். மூன்றாவது நான்காவது வரியிலேயே தெரியாத இடம் வந்து நிற்கும். அப்படி நிற்பதுதான் இந்தப் படியின் நோக்கம்.

ஃபிலிப் ஃபெர்ன்பாக்கும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் அமெரிக்கக் கொள்கை விவாதங்களை வைத்து இதைச் செய்தார்கள். கொள்கை எப்படிச் செயல்படும் என்று விளக்கச் சொன்னபோது, மக்கள் தமக்கு அது விளங்கியிருப்பதாக முன்பு போட்ட மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டதோடு, கருத்தின் தீவிரத்தையும் தணித்துக்கொண்டார்கள் என்றும், காரணம் மட்டும் எழுதியவர்களிடம் அந்தத் தணிவு ஏற்படவில்லை என்றும் எழுதினார்கள். பின்னர் வேறு ஆய்வாளர்கள் அதையே திரும்பச் செய்து பார்த்தபோது தீவிரம் தணிவது உறுதிப்படவில்லை. ஆகவே இந்தப் படியைச் செய்தால் நீங்கள் மிதவாதியாகிவிடுவீர்கள் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். எது தெரியும், எது தெரியாது என்ற எல்லை துலங்கும் என்பதை மட்டும் சொல்லலாம். எனக்கு அதுவே போதுமான பயனாகத் தோன்றுகிறது.

மதிப்புகளும் மனக்காயங்களும்

சமத்துவம், நேர்மை, பிறருக்கு உதவுதல் போன்ற மதிப்புகள் நமக்கு மிக உறுதியானவை என்று நினைக்கிறோம். கிரெகரி மாயோவும் ஜேம்ஸ் ஓல்சனும் 1998இல் காட்டியது இதற்கு மாறானது: இப்படிப்பட்ட மதிப்புகளுக்குக் காரணம் யோசிக்கச் சொன்னவுடனேயே, அவற்றுக்குத் தாம் கொடுக்கும் முக்கியத்துவத்தை மக்கள் மாற்றிக்கொண்டார்கள். எல்லோரும் ஒத்துக்கொள்வதால் யாரும் அவற்றுக்கு வாதம் தேடி வைத்திருக்கவில்லை. தேடியபோது கைக்கு அகப்பட்டது கொஞ்சமாக இருந்தது. இதைப் பார்த்து மதிப்புகளை ஆராயவே கூடாது என்று சொல்ல மாட்டேன். 1960களின் தொடக்கத்தில் வில்லியம் மெக்வயர், பல் துலக்குவது நல்லது என்பதுபோல் எவரும் மறுக்காத நம்பிக்கைகளை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு எதிரான சிறு வாதங்களை முன்கூட்டியே காட்டி மறுப்பையும் சொல்லித்தந்தால், பின்னால் வரும் பலமான தாக்குதலை மக்கள் நன்றாகத் தாங்குகிறார்கள் என்று கண்டார். ஆதரவு வாதங்களை மட்டும் படித்தவர்கள் அந்த அளவுக்குத் தாங்கவில்லை. ஆகவே மதிப்புகளை ஆராயும்போது, ஏன் முக்கியம் என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், அதற்கு எதிராக நேர்மையான ஒருவர் என்ன சொல்வார், அதற்கு என் பதில் என்ன என்பது வரை போய்விடுங்கள். பாதியில் நிறுத்துவதாக இருந்தால் தொடங்க வேண்டாம்.

கோபத்திலும் மனவருத்தத்திலும் 'ஏன் எனக்கு இவ்வளவு கோபம் வந்தது' என்று கேட்பது, பெரும்பாலும் காட்சியை மறுபடி ஓடவிட்டு, கோபத்தை ஊட்டி வளர்ப்பதில் முடியும். ஈதன் கிராஸ், ஓஸ்லெம் அய்டுக், வால்டர் மிஷெல் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒரு வழி காட்டுகிறது: சம்பவத்தைத் தன் கண்வழியாகப் பார்க்காமல், சற்றுத் தள்ளி நின்று, அதில் இருக்கும் தன்னையும் ஓர் ஆளாகப் பார்த்துக்கொண்டு ஏன் என்று கேட்டவர்களுக்குக் கோபம் குறைந்திருந்தது. நடைமுறையில், 'நான்' என்று எழுதாமல் உங்கள் பெயரையே போட்டு எழுதிப் பாருங்கள். முதல் இரண்டு வரி செயற்கையாக இருக்கும். உடல் நடுங்கும் அளவுக்குக் கோபமோ, தூக்கம் கெடும் அளவுக்குத் துயரமோ இருந்தால் இந்த முறைகளை நம்பியிருக்காமல் மனநல ஆலோசகரைப் பார்ப்பதே சரி.

கணவன், மனைவி, நெருங்கிய நண்பர் ஆகியோரை ஏன் பிடிக்கிறது என்று பட்டியல் போடுவதைத் தவிருங்கள். 1984இல் வில்சனும் குழுவினரும், உறவு ஏன் இப்படி இருக்கிறது என்று காரணம் எழுதிவிட்டு உணர்வைச் சொன்ன காதலர்களின் சொல்லை, எழுதாமல் சொன்னவர்களின் சொல்லோடு ஒப்பிட்டார்கள். எழுதாதவர்களின் உணர்வை வைத்து, சில மாதங்கள் கழித்து அவர்கள் சேர்ந்திருப்பார்களா என்பதை ஓரளவு கணிக்க முடிந்தது. எழுதியவர்களின் சொல்லை வைத்து அப்படிக் கணிக்க முடியவில்லை. பெண் பார்க்கப் போய்விட்டு வந்த இரவே கூடத்தில் உட்கார்ந்து குடும்பம் முழுவதும் காரணம் கேட்கும் நம் வழக்கத்தைப் பற்றி யாராவது இப்படி ஆராய்ந்தால் நன்றாக இருக்கும்.

கடைசிப் படி: இரண்டாவது எண்

காரணங்களை எழுதி, குறி போட்டு, எதிர்க் கேள்வியும் கேட்ட அன்றே முடிவு எடுக்காதீர்கள், யாரிடமும் அறிவிக்கவும் செய்யாதீர்கள். பிறரிடம் சொல்லிவிட்டால் அதைக் காப்பாற்றும் வேலை தொடங்கிவிடும். இரண்டு மூன்று நாள் கழித்து, பட்டியலைப் பார்க்காமல், அதே பூஜ்யம் முதல் பத்து வரையிலான எண்ணை மறுபடி போடுங்கள். பிறகு பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள்.

இரண்டும் ஒன்றிரண்டு புள்ளிக்குள் இருந்தால் முடிவெடுக்கலாம். அதிகமாக நகர்ந்திருந்தால், நகர்த்தியது எது என்று பட்டியலில் தேடுங்கள். 'நான்' என்று குறித்த புதிய தகவல் நகர்த்தியிருந்தால், உதாரணமாக முதல் நாள் தெரியாத உப்புத் தண்ணீர், புதிய எண்ணை நம்புங்கள். 'மேடை' என்று குறித்தவை நகர்த்தியிருந்தால் பழைய எண்ணுக்கே கூடுதல் மதிப்புக் கொடுங்கள். முடிந்தால் மறுபடி ஒருமுறை அந்த வீட்டுக்கே போய், மாலை நேரத்தில், பட்டியலை எடுத்துப்போகாமல் நின்று பாருங்கள். எது நகர்த்தியது என்றே தெரியவில்லையென்றால், இன்னும் சில நாள் பொறுத்து மூன்றாவது எண் போடலாம். அதற்கு மேல் போடுவதால் பயனில்லை.

பழகுவதற்கு முதலில் பெரிய முடிவுகளை எடுத்துக்கொள்ள வேண்டாம். விளைவு சில வாரங்களில் தெரிந்துவிடும் சிறிய விஷயமாக, புதிதாகச் சேர நினைக்கும் வகுப்பு, மாற்ற நினைக்கும் பால்காரர், வாங்க நினைக்கும் செருப்பு என்று ஏதாவது ஒன்றில் இரண்டு எண்களையும் போட்டு வைத்து, விளைவு தெரிந்தபின் எந்த எண் சரியாக இருந்தது என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இப்படிச் சில விஷயங்கள் சேர்ந்தபின் நோட்டைப் புரட்டினால், எந்த வகை விஷயங்களில் உங்கள் முதல் எண்ணை நம்பலாம், எவற்றில் இரண்டாவதை நம்பலாம் என்பது உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.